கழுத்தில் தொங்கப்போகும் கொப்பரை: எஸ்.சி.ஏ. கிளையில் புது விருது தொடங்குவது எப்படி

இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை மீள நடத்திப் பார்க்கும் சங்கம் எஸ்.சி.ஏ. புது விருது வேண்டும் என்று அதன் கிளை ஒன்றில் பேச்சு எழுந்ததும் யாராவது ஒருவர் காகிதத்தை எடுத்துப் படம் வரைய ஆரம்பித்துவிடுவார். பல விருதுகள் அங்கேயே கெட்டுப்போகின்றன. வேலையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். அரசவையில் மண்டியிடுபவர் கழுத்தில் 40 மில்லிமீட்டர் அகலத்தில் தொங்கப்போவது என்ன? அதை யார் செய்வார்? இருபதடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயரும் சின்னமும் பதிவும் அதன்பின் தானாக வரிசைக்கு வரும்.

சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ., 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்தும் வாள்போட்டியுமாகத் தொடங்கியது. இன்று அது இருபது ‘ராஜ்ஜிய’ங்களாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பா டிராகன்வால்டில் வரும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து லோஹாக். ஒவ்வொரு ராஜ்ஜியத்திலும் கவசச் சண்டையில் வென்றவரும் அவருடைய துணையும் சில மாதங்களுக்கு அரசர், அரசியாக இருப்பார்கள். பல இடங்களில் ஆறு மாதம். ஆண்டுக்கு மூன்று முறை மாறும் இடமும் உண்டு. இந்தக் குறுகிய ஆட்சிக்காலத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் அதுதான்.

‘விருது’ என்ற நம் சொல்லுக்குப் பட்டம், கொடி, சின்னம் என்ற பொருள்கள் பழைய வழக்கில் சேர்ந்தே இருந்தன. அங்கேயும் அப்படித்தான். ஒருவருக்கு விருது கொடுப்பதென்றால் பட்டமும், அதைக் காட்டும் அடையாளத்தை அணியும் உரிமையும் ஒன்றாகப் போகின்றன.

எந்தப் படியில் கொடுக்கிறீர்கள்?

எஸ்.சி.ஏ. விருதுகளுக்குப் படிகள் உண்டு. அடியில் இருப்பவை பட்டம் எதுவும் தராத விருதுகள். அடுத்தது அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ். அதைப் பெற்றவர் ‘லார்ட்’ அல்லது ‘லேடி’ என்று அழைக்கப்படுவார். அதற்கு மேல் கிராண்ட் ஆஃப் ஆர்ம்ஸ். உச்சியில் பீரேஜ் என்னும் படி: சண்டைக்குச் சிவல்ரி, கலைக்கும் அறிவுக்கும் லாரல், சேவைக்குப் பெலிக்கன், மெல்லிய வாளுக்கு டிஃபென்ஸ், அம்பும் எறியாயுதமும் சார்ந்த மார்க்.

பாரன், பாரனஸ் தலைமையில் இயங்கும் பாரனி போன்ற கிளைகள் தம் பெயரில் தொடங்குவது பெரும்பாலும் முதல் வகைதான். பட்டம் தரும் அதிகாரம் அரசர்-அரசியுடையது. எனவே உங்கள் கிளை விருதைப் பெற்றவர் அதனாலேயே ‘லேடி’ ஆகிவிட மாட்டார். அறிவிக்கும்போது இதைக் குழப்பினால் அடுத்த வாரமே பெயர், சின்னம், விருதுகளைக் கவனிக்கும் அதிகாரியான ராஜ்ஜிய ஹெரால்டிடமிருந்து கடிதம் வரும். ராஜ்ஜிய அளவிலான விருதென்றால் அது எந்தப் படி என்பதை ராஜ்ஜியச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஏற்கெனவே இருக்கும் விருது இந்த வேலையைச் செய்யவில்லையா என்பது. கிழக்கு ராஜ்ஜியத்தில் சேவைக்கு சில்வர் கிரெசென்ட், கலைக்கு மான்ச் என்று வழி தெளிவாகப் பிரிந்திருக்கிறது. அப்படி இருக்கும் இடத்தில் ‘கலையும் சேவையும் சேர்ந்த’ விருதொன்றை நுழைத்தால் பரிந்துரை எழுதுபவர்களுக்கு எதைக் கேட்பதென்றே தெரியாது. இடைவெளி உண்மையிலேயே இருக்கும் இடத்தில் மட்டும் தொடங்குங்கள். இங்கே ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம்: விருந்துகளுக்குச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களுக்கு ஒரு கிளை விருது.

பெயர்

விருதின் பெயரைக் கற்பனையில் வரும் அழகுச் சொல்லாக வைக்க முடியாது. 2012 முதல் நடைமுறையில் இருக்கும் விதித்தொகுப்பை ‘சேனா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 1600-க்கு முன் உண்மையில் இருந்த ‘ஆர்டர்’களின், அதாவது மன்னர்கள் பெருமைப்படுத்தித் தொடங்கிய வீரர் குழுக்களின், பெயர்கள் எப்படி அமைந்தனவோ அந்த அமைப்பையே அது கேட்கிறது. புனிதர் பெயர் ஒரு வகை: பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி 1469-இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் ஆர்டர். பொருள் அல்லது விலங்கின் பெயர் இன்னொரு வகை: மூன்றாம் எட்வர்டின் கார்ட்டர் (காலுறைப் பட்டி) ஆர்டர், 1408-இல் சிகிஸ்மண்ட் தொடங்கிய டிராகன் ஆர்டர். நிறமும் பொருளும் சேர்ந்தது மூன்றாவது வகை. 1430-இல் பர்கண்டியின் ஃபிலிப் தொடங்கிய கோல்டன் ஃப்ளீஸ், அதாவது தங்கக் கம்பளி, இதில் அடங்கும்.

‘அடுப்படியின் அணையா இதயம்’ மாதிரியான பெயர் இந்த மூன்றிலும் அடங்காது, திரும்பி வரும். ‘ஆர்டர் ஆஃப் தி கால்ட்ரன்’, கொப்பரை ஆர்டர், இரண்டாம் வகைக்குள் சரியாக உட்காரும். கொப்பரை சும்மா சமையல் பாத்திரமும் இல்லை. காஸ்டிலில் லாரா, குஸ்மான் போன்ற குடும்பங்கள் அதைக் கேடயத்திலேயே வைத்திருந்தன. ‘பென்டோன் இ கால்டெரா’, அதாவது கொடியும் கொப்பரையும், சொந்தச் செலவில் படை திரட்டிச் சோறு போடக்கூடிய பெருந்தனக்காரரின் அடையாளமாக அங்கே இருந்தது. சமையல்காரருக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

நிறம் சேர்க்க ஆசைப்பட்டால் தங்கம், வெள்ளி, சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா என்ற எளிய நிறப்பெயர்களோடு நின்றுவிடுங்கள். ‘மாலை வானத்து நிறக் கொப்பரை’ வேண்டாம்.

சின்னத்தைச் சொல்லால் வரைவது

ஹெரால்ட்ரியில், அதாவது கேடயச் சின்னக் கலையில், ஒரு சின்னத்தைச் சொல்லால் விவரிக்கும் வாசகம் ‘பிளேசன்’. நமக்கு இது புரியாத விஷயமில்லை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில் என்று சொன்னால் போதும். எந்தச் சிற்பி எந்தச் சாயலில் புலியைச் செதுக்கினாலும் அது சோழனுடையதே. பிளேசனும் அப்படித்தான். அந்த வாசகத்தைப் படிக்கும் இரண்டு ஓவியர்கள் வேறுவேறு விதமாக வரைந்தாலும் இரண்டும் ஒரே சின்னம். ஆகவே உங்கள் சின்னத்தைத் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இடையில் ‘அதாவது’ என்று விளக்கவேண்டி வந்தால் சின்னம் இன்னும் தயாராகவில்லை.

சமையலறை விருதுக்கு முதலில் வரும் யோசனை எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்: நடுவில் கொப்பரை, மேலே கரண்டியும் கத்தியும் குறுக்காக, பக்கத்தில் கோதுமைக் கதிர், சுற்றிலும் லாரல் மாலை. இதில் என்னென்ன தவறு?

லாரல் மாலை கிளையின் கேடயத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது. விருதுச் சின்னத்தில் அதற்கு வேலை இல்லை. பார்ப்பவர்கள் லாரல் ஆர்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே தொகுப்பில் மூன்று வெவ்வேறு உருவங்கள் இருந்தால் சூதாட்ட இயந்திரத்தின் பெயரால் ‘ஸ்லாட் மெஷின்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். நிறங்களின் எண்ணிக்கையையும் உருவ வகைகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் எட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது அளவு. விருதுச் சின்னத்துக்கு நான்கே போதும் என்பது எங்கள் கருத்து. எட்டு வரை போகலாம் என்பதற்காகப் போகாதீர்கள்.

நிறத்தில் ஒரு பழைய விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் ‘உலோகம்’. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ‘வண்ணம்’. உலோகத்தின் மேல் உலோகத்தையும் வண்ணத்தின் மேல் வண்ணத்தையும் வைக்கக் கூடாது. நீலத்தின் மேல் கறுப்பு தூரத்தில் தெரியாது என்பதே காரணம். மரபு வெறி எதுவும் இல்லை.

விருதுக்கு ‘ஃபீல்ட்லெஸ்’ சின்னம், அதாவது பின்புலம் இல்லாத சின்னம்தான் வசதி. பின்புல நிறம் எதுவென்று சொல்லாமல் உருவத்தை மட்டும் பதிந்துகொள்வது இது. வெள்ளைத் துணியிலும் தைக்கலாம், ஈயத்திலும் வார்க்கலாம், மரத்திலும் எரிக்கலாம். ஆனால் இதற்கென்று சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உருவங்கள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும், தனித்தனியாக மிதக்கக் கூடாது. விளிம்புவரை போய் முடியும் பட்டைகளும் கரைகளும் கூடாது, விளிம்பே இல்லையே! கேடயம், வட்டம் போன்ற வடிவத்துக்குள் இன்னோர் உருவத்தை வைத்தால் அந்த வடிவம் உருவமா புலமா என்ற குழப்பம் வரும், அதுவும் திரும்பும்.

தொடக் கூடாத குறிகளும் உண்டு. வெள்ளை இடைவார் சிவல்ரி மாவீரர்களுக்கு, மூடிய சங்கிலி வளையமும் அவர்களுக்கே. தன் மார்பைக் கொத்தும் பெலிக்கன் பறவை பெலிக்கன் ஆர்டருக்கு. வெள்ளையின் மேல் சிவப்புச் சிலுவை, ஸ்வஸ்திகா, டியூடர் ரோஜா ஆகியவை யாருக்கும் இல்லை. ஸ்வஸ்திகா நம் வாசல் கோலத்தில் இருக்கும் மங்கலக் குறிதான். அங்கே அது சுமக்கும் வரலாறு வேறு, வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெட்டிக் குறைத்தபின் மிஞ்சுவது இது: புலமில்லை, சிவப்புத் தீச்சுவாலையின் மேல் அமர்ந்த கறுப்புக் கொப்பரை. இரண்டு உருவம், இரண்டு நிறம். இரண்டுமே ‘வண்ணம்’ என்பதால் வெள்ளைத் துணியிலோ மஞ்சள் துணியிலோ இரண்டும் ஒருங்கே தெரியும். தீயை மஞ்சளாக வைத்தால் எந்தத் துணியைத் தேர்ந்தாலும் ஒன்று மங்கிப்போகும்.

மோதல் தேடல்

வேறு யாராவது இதற்கு மிக நெருக்கமான ஒன்றைப் பதிந்திருந்தால் உங்களுடையது ஏற்கப்படாது. எஸ்.சி.ஏ. பதிவுகள் அனைத்தும் ‘ஆர்டினரி அண்ட் ஆர்மோரியல்’ என்ற இணையத் தரவகத்தில் இருக்கின்றன. புகழ்பெற்ற நாட்டுக் கொடிகளும் வரலாற்றுக் கேடயங்களும்கூடப் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு.

பொது விதி: இரண்டு ‘தனி மாற்றங்கள்’ இருக்க வேண்டும், அல்லது முதன்மை உருவமே முற்றிலும் வேறு வகையாக இருக்க வேண்டும். புலமில்லாச் சின்னத்துக்கு அந்தப் புலமின்மையே ஒரு மாற்றமாகக் கணக்கில் வரும். மீதி ஒன்றை நீங்கள் தேட வேண்டும். வெறும் கறுப்புக் கொப்பரையை அனுப்புகிறீர்கள், யாரோ ஒருவர் வெள்ளைக் கேடயத்தில் ஒற்றைக் கறுப்புக் கொப்பரை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புலமின்மைக்கு ஒன்று, வேறெதுவும் இல்லை, மோதல். கீழே தீயைச் சேர்த்ததும் துணை உருவம் கூடியதற்கு இன்னொரு மாற்றம் கிடைக்கிறது, தப்பித்துவிட்டீர்கள். தீ அழகுக்காக வந்ததல்ல என்பது இப்போது புரியும்.

தேடும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, ‘கொப்பரை’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுவது. பானை, கெண்டி, குவளை என்று அதே வகைத் தலைப்பின் கீழ் இருப்பவற்றையும் பாருங்கள். தூரத்தில் ஒன்றுபோல் தெரிவதெல்லாம் மோதலுக்கு இடம் தரும். பெயரையும் தனியாகத் தேடுங்கள். சின்னம் தேறிப் பெயர் தோற்பது அடிக்கடி நடக்கிறது.

பதிவுக்கு அனுப்புதல்

கிளை ஹெரால்டு படிவத்தை நிரப்பி ராஜ்ஜியத்தின் சமர்ப்பிப்பு ஹெரால்டுக்கு அனுப்புவார். அங்கே ஒரு வடிகட்டல். பிறகு ‘ஆஸ்கார்’ என்னும் இணையத் தளத்தில் எல்லா ராஜ்ஜிய ஹெரால்டுகளும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். பெயருக்குப் பெலிக்கன் சாவரின், சின்னத்துக்கு ரீத் சாவரின் என்ற இரு பொறுப்பாளர்கள் முடிவெடுப்பார்கள். முடிவு மாதாந்தரக் கடிதத்தில் வெளியாகும். தொடங்கியதிலிருந்து முடிவு வரும்வரை அரை ஆண்டு தாண்டுவது சாதாரணம். இதற்கிடையில் அரசர் மாறியிருப்பார், சில இடங்களில் இரண்டு முறை. எனவே விண்ணப்பத்தைத் தனிமனிதர் பெயரில் போடாதீர்கள். கிளையின் பெயரில் போட்டு ‘கொப்பரை ஆர்டருக்காக’ என்று குறிப்பிடுங்கள்.

படத்தில் கவனிக்க வேண்டியது நிறம். அச்சுப்பொறி நீலத்தை ஊதாவாக்கும், சிவப்பை ஆரஞ்சாக்கும்; அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிவந்த படிவங்கள் ஏராளம். மார்க்கர் பேனாவால் தட்டையாக, நிழல் எதுவும் இல்லாமல் நிரப்புங்கள். கொடுத்த சதுரத்தில் முக்கால் பங்கையாவது உருவம் அடைக்க வேண்டும். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு வரைந்தால் அது என்ன உருவம் என்றே தெரியாது என்று எழுதிவிடுவார்கள்.

முடிவு வரும்வரை பதக்கம் வார்க்காதீர்கள். ஆசை இருக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

கல்லில் வார்ப்பது

இடைக்காலப் பேட்ஜுகளில் உச்சம் என்று டன்ஸ்டபிள் அன்ன நகையைச் சொல்லலாம். 1400 வாக்கில் தங்கத்தின் மேல் வெள்ளை எனாமல் பூசிச் செய்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் தொண்டர்களும் யாத்திரிகர்களும் அணிந்தது கல் அச்சில் வார்த்த மலிவான ஈயக் கலவைதான். 1483-இல் மூன்றாம் ரிச்சர்ட் தன் மகனுக்கு யார்க்கில் இளவரசர் பட்டம் சூட்டியபோது 13,000 வெண்பன்றி பேட்ஜுகளை ஃபஸ்டியன் துணியில் செய்யச் சொன்னார். அரசரே துணியோடு நின்றுகொண்டார். உங்கள் கிளையில் உலோக வேலைக்கு ஆள் இல்லையென்றால் கம்பளி ஃபெல்ட்டில் வெட்டித் தைத்துக் கொடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

வார்க்க ஆள் இருந்தால் மேலே படியுங்கள்.

உலோகம் ஈயமில்லாத பியூட்டர். ஏறத்தாழ 92 சதவீதம் வெள்ளீயம், மீதி ஆண்டிமனியும் கொஞ்சம் செம்பும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று ரசம் வைப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது; சமையலறையில் தொல்லையாக இருக்கும் அதே குணம் இங்கே நமக்கு உதவி. பழைய கடையில் வாங்கிய ‘பியூட்டர்’ குவளைகளை உருக்காதீர்கள், உள்ளே காரீயம் இருக்கலாம். துத்தநாகம் சேர்ந்த பொம்மை உலோகத் துண்டு ஒன்று விழுந்தாலும் உருக்கிய உலோகம் முழுவதும் பாழ்.

அளவுக் கணக்கு: 40 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் கொண்ட வட்டத் தகட்டின் கன அளவு ஏறத்தாழ 2.5 கன செ.மீ. பியூட்டரின் அடர்த்தி சுமார் 7.3. ஆக ஒரு பதக்கம் 18 கிராம். ஊற்றும் வாயில் உறையும் உலோகத்தை வெட்டி மறுபடி உருக்கலாம் என்றாலும் கரண்டியில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். இருபது பதக்கத்துக்கு 600 கிராம் வாங்குங்கள்.

அச்சுக்கு மாக்கல். நம் ஊர்க் கல்சட்டி செய்யும் அதே வகைக் கல். 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமனில் இரண்டு பலகைகள். கண்ணாடித் தகட்டின் மேல் 220 எண் நீர்த்தாளைப் பரப்பித் தண்ணீர் விட்டு இரண்டின் முகத்தையும் தேயுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கீற்றுகூடத் தெரியக் கூடாது. எப்போதும் ஈரத்தோடே செதுக்குங்கள், முகமூடியும் போடுங்கள். சில மாக்கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

படத்தை இடவலம் மாற்றி ஒரு பலகையில் மட்டும் படியெடுங்கள். மற்றொன்று வெறும் தட்டை. வட்டத்தை 2 மி.மீ. ஆழம் தோண்டியபின் கொப்பரையையும் தீயையும் அதற்குள் இன்னும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறக்குங்கள். கல்லில் பள்ளமாக இருப்பது பதக்கத்தில் மேடாக வரும். ஓரச் சுவர்கள் வாய்ப்பக்கம் லேசாக விரிந்து சாய வேண்டும். உள்நோக்கிக் குடைந்துவிட்டால் உலோகம் பூட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கல்லே பெயரும். தீ நாக்குகளின் நுனியைக் கூராக்க வேண்டாம், ஒன்றரை மி.மீ.க்குக் குறைந்த நுனி நிரம்பாது. அவ்வப்போது களிமண்ணை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பதக்கம் எப்படி வரும் என்பதை அதுவே காட்டிவிடும்.

கயிறு கோக்கும் வளையம் அச்சின் அடிப்பக்கம் இருக்கட்டும், ஊற்றும் வாய் எதிர்ப்பக்கம். வாய் மேலே 15 மி.மீ. அகலத்தில் புனல்போலத் தொடங்கி வட்டத்தைத் தொடும் இடத்தில் 5 மி.மீ. ஆகக் குறுகும். வளையத்திலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் கல்லின் மேல்விளிம்புவரை ஊசியால் மெல்லிய கீறல்கள் போடுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி அதுதான். இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்து மூலைவிட்ட மூலைகளில் 4 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பொருந்தும்.

வார்க்கும் நாளில் முதல் வேலை கல்லை உலர்த்துவது. ஈரத்தோடு செதுக்கிய கல். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் உலோகம் பட்டதும் ஆவியாகி உருகிய பியூட்டரை முகத்தில் தெறிக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துப் பிறகு அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி உடை, மூடிய தோல் காலணி எல்லாம் கட்டாயம். செருப்போடு நிற்பவரை அறைக்குள் விடாதீர்கள். இதற்குப் பயன்படுத்திய கரண்டி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

அச்சின் முகத்தில் வாசனையில்லாத டால்க் மாவைத் தடவி ஊதிவிடுங்கள். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கவ்வியால் பிடியுங்கள். அதிகம் இறுக்கினால் கல்லில் விரிசல் விழும். பியூட்டர் 300 டிகிரியைத் தாண்டியதும் மெல்லிய மரக்குச்சியை முக்கிப் பாருங்கள். பழுப்பாகக் கருகினால் பதம். உடனே புகைந்து கரியானால் சூடு அதிகம். மேலே மிதக்கும் கசட்டை ஒதுக்கிவிட்டு நிறுத்தாமல் ஒரே தாரையாக ஊற்றுங்கள். புனல் ததும்பும்வரை ஊற்றி, அச்சை மேசையில் இரண்டு தட்டு. ஒரு நிமிடம் பொறுத்துத் திறக்கலாம்.

முதல் மூன்று நான்கு பதக்கங்கள் சரியாக வராது. பயப்பட வேண்டாம், கல் இன்னும் சூடேறவில்லை. சுருக்கம் சுருக்கமாக, பாதி நிரம்பி வந்தால் அதுதான் காரணம். திரும்ப உருக்கி ஊற்றிக்கொண்டே இருங்கள். கல் நன்றாகச் சூடேறிய பிறகும் ஒரே இடம் நிரம்பாமல் வந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது, அந்த இடத்திலிருந்து இன்னொரு கீறல் போடுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய தகடுபோல் வழிந்திருந்தால் பலகைகள் சரியாக மூடவில்லை. மேற்பரப்பு வெளுத்துச் சர்க்கரைபோல் பொரபொரத்து, வளைத்ததும் உடைந்தால் உலோகமோ கல்லோ மிகச் சூடாகிவிட்டது. பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். புனலுக்கு அருகே குழி விழுந்தால் புனலில் உலோகம் போதவில்லை. உறையும்போது பதக்கம் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது.

வெட்டி, அரத்தால் ராவி, மெல்லிய எஃகுக் கம்பளியால் துடைத்தபின் பதக்கம் முழுவதும் கறுப்பு அக்ரிலிக் பூசி உடனே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேடாக இருக்கும் கொப்பரை பளிச்சென்று நிற்கும். கறுப்புக் கொப்பரை வெள்ளியாகத் தெரிகிறதே என்று யாராவது கேட்பார்கள். ஒற்றை உலோகத்தில் செய்யும்போது நிறம் காட்டாமல் விடுவது பழைய வழக்கம்தான். நிறம் வேண்டுமென்றால் குளிர் எனாமல் பூசலாம். கண்ணாடி எனாமல் 750 டிகிரிக்கு மேல் சுடுவது, பியூட்டரில் அதற்கு இடமே இல்லை.

எழுதி வையுங்கள், பிறகு கொடுங்கள்

யாருக்கு, எதற்கு, யார் சொல்லி என்பதைக் கிளைச் சட்டத்தில் மூன்று வரியில் எழுதுங்கள். ‘சிறந்த சேவைக்கு’ என்று எழுதினால் இரண்டு ஆட்சிக்குப் பிறகு வாயிலில் டிக்கெட் கிழித்தவருக்கும் கொப்பரை போகும். ‘விருந்துச் சமையலறையில் தொடர்ந்து உழைத்தவர்களுக்கு’ என்று எழுதினால் போகாது. பெற்றவர்கள் எல்லோரும் அந்தச் சின்னத்தை உடையிலும் கூடாரக் கொடியிலும் காட்டலாம். ஆனால் உரிமை கிளையுடையது.

விருது பெரும்பாலும் பரிந்துரைக் கடிதத்தால்தான் நகர்கிறது. அரசர்-அரசிக்கோ பாரனுக்கோ அந்த ஆளைத் தெரிந்திருக்காது. எஸ்.சி.ஏ. பெயர், உண்மைப் பெயர், கிளை, ஏற்கெனவே என்னென்ன விருது என்று ராஜ்ஜியத்தின் முன்னுரிமைப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். ‘மிகவும் கடினமாக உழைப்பவர்’ என்ற வாக்கியம் எதையும் சொல்லாது. ‘மூன்று ஆண்டாக ஒவ்வொரு இலையுதிர்கால விருந்திலும் விடிகாலை அடுப்பு மூட்டி, நூறு பேருக்கு ரொட்டி சுட்டு, கடைசிப் பாத்திரத்தையும் கழுவிவிட்டே போகிறார்’ என்று எழுதினால் அரசவையில் ஹெரால்டு அதையே வாசித்துவிடலாம். அவர் அடுத்து எந்த விழாவுக்கு நிச்சயம் வருவார் என்பதையும் சேருங்கள். ஆள் இல்லாமல் பெயர் கூப்பிடுவதைப்போலச் சங்கடமான அமைதி வேறில்லை. பரிந்துரைத்ததை அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

விருதோடு கொடுக்கும் சான்றேடுகளில் இரண்டு மூன்றை எழுத்துக்கலைஞர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்; பெயர், நாள், இடம், கையொப்பங்களுக்கு இடம் விட்டால் போதும். ஆண்டைச் சங்கத்தின் கணக்கில் எழுதுவது மரபு. மே 1 முதல் டிசம்பர் வரை ஆண்டிலிருந்து 1965-ஐக் கழியுங்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை 1966-ஐ. 2025 மே மாதம் அறுபதாம் ஆண்டு. 2026 ஏப்ரலும் அறுபதே. மார்ச் மாத விழாக்களில் இது தவறிப்போவது வழக்கமான கூத்து.

கயிற்றை 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டி முடிச்சிடுங்கள். அதற்குக் குறைந்தால் முக்காட்டின் மேலோ தொப்பியின் மேலோ போட முடியாமல் பாரனஸ் மேடையிலேயே திணறுவார். பெறுபவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவருடைய நண்பரிடம் ரகசியமாகக் கேட்டு ஹெரால்டின் தாளில் ஒலிப்படி எழுதிக் கொடுங்கள். வேல்ஸ் மொழிப் பெயர்களில் இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பதக்கப் பெட்டியில் எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதலாக இருக்கட்டும், மேடைக்கு வந்தபின் அரசர் இன்னொரு பெயரைச் சேர்ப்பது நடக்கும்.

விழா முடிந்த வாரத்துக்குள் பெயரின் சரியான எழுத்துக்கூட்டல், விருது, நாள், யார் கொடுத்தார் என்ற நான்கையும் முன்னுரிமைப் பட்டியல் வைத்திருக்கும் ஹெரால்டுக்கு அனுப்புங்கள். இதை அனுப்ப மறந்த கிளைகளில் ஒரே சமையல்காரருக்கு இரண்டாவது கொப்பரையும் போய்ச் சேர்ந்திருக்கிறது.